கிழிந்துபோன 16 பக்கங்களும் நெவிலும்

வாசகர் ஒருவர் கேட்டது, 2024 பிப்ரவரி 4

ஏழெட்டுப் புத்தகம் ஓடும் மாயாஜால நாவல் தொடர்களில் துணைப் பாத்திரங்கள் வளர்கிறார்கள் என்று ஆளாளுக்குப் புகழ்கிறீர்கள். எனக்கு அது வளர்ச்சியாகவே தெரியவில்லை. ஹாரி பாட்டரில் வரும் நெவிலை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் தேரையைத் தொலைத்துவிட்டு அழுகிற பையன். கடைசியில் கையில் வாள், வில்லன் வோல்டமோர்ட்டின் பாம்பின் தலை போகிறது. நடுவில் என்ன நடந்தது? எழுத்தாளருக்கு ஒரு கைதட்டல் தேவைப்பட்டது, கொடுத்துவிட்டார். துணைப் பாத்திரம் வளர்வதில்லை, வேண்டியபோது பதவி உயர்வு வாங்கிக்கொள்கிறது. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, மாலை 5.50

மறுக்கிறேன். நெவிலின் துணிச்சல் ஏழாம் புத்தகத்தில் வந்து இறங்கியது இல்லை. முதல் புத்தகத்திலேயே, ராத்திரி வெளியே கிளம்பும் ஹாரி, ரான், ஹெர்மயனி மூவரையும் ஒற்றை ஆளாக மறித்துக்கொண்டு நிற்கிறான். ஹெர்மயனி மந்திரம் போட்டு அவனைக் கட்டைபோல விழவைத்துவிட்டுத்தான் தாண்டிப் போகிறார்கள். ஆண்டு முடிவில் தலைமையாசிரியர் டம்பிள்டோர் அதற்காக 10 புள்ளி கொடுக்கிறார். அவர்கள் அணியான க்ரிஃபின்டோருக்குக் கோப்பை கிடைப்பது அந்தப் பத்தில்தான். அது 1997இல் வந்த புத்தகம். பாம்பு சாவது 2007இல்.

வேன் வந்துவிட்டது. மீதி இடைவேளையில்.

பிப்ரவரி 5, அதிகாலை 2.15

பினாங்கின் தொழிற்பேட்டைப் பகுதியான பாயான் லெப்பாஸில் எனக்கு ராத்திரி ஷிஃப்ட். சாப்பாட்டு நேரம் முடிய அரை மணி இருக்கிறது. மாலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். துணிச்சல் ஆரம்பத்திலிருந்தே இருந்தது என்று நிரூபித்தால் அவன் வளரவே இல்லை என்றுதானே ஆகிறது? கேட்டவர் பக்கம்தான் பலமாகிறது. அதை அப்படியே விட்டுவிட்டு வேறு ஒன்று சொல்கிறேன்.

நீங்கள் கேட்டதை நானும் பத்து வருஷம் கேட்டுக்கொண்டிருந்தேன். வார்த்தை மாறாமல் இதே கேள்வி.

எனக்கு ஹாரி பாட்டர் வந்தது சௌராஸ்தா மார்க்கெட் மாடியில். பினாங்குக்காரர்களுக்குத் தெரியும்: கீழே ஜாதிக்காய் ஊறுகாயும் மீனும், படி ஏறினால் பழைய புத்தகக் கடைகள், கூரை வரை அடுக்கு. படிவம் நான்கு முடிந்த விடுமுறையில் அப்பா கூட்டிக்கொண்டு போனார். ஐந்தாம் புத்தகம் அங்கே கிடந்தது. 2003இல் வந்தது, தொடரிலேயே தடிமனானது. அட்டை மூலை மழுங்கியிருந்ததால் விலை குறைத்தார்கள். வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன், நடுவில் 8 தாள் இல்லை. 23ஆம் அத்தியாயம் பாதியில் நின்று, 24ஆவதின் நடுவில் எங்கேயோ தொடங்கும். யார் கிழித்தார்களோ.

நான் தமிழ்ப்பள்ளியில் படித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனவள். அந்தப் புத்தகத்தை அகராதியோடுதான் படித்தேன். முடித்தபோது நெவில் எனக்குப் பிடிபடவில்லை. மந்திர அமைச்சகத்தில் நடக்கும் சண்டையில், மூக்கு உடைந்து ரத்தம் ஒழுக, மந்திரத்தின் பெயரைக்கூட ஒழுங்காக உச்சரிக்க வராமல், அவன் ஏன் அப்படி விடாப்பிடியாக நிற்கிறான்? எதிரணிச் சூனியக்காரி பெல்லாட்ரிக்ஸைப் பார்த்ததும் அவன் ஏன் வேறு ஆளாகிறான்? என் ஆங்கிலம்தான் போதவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன். ஏழாவது வந்ததும் வாங்கிப் படித்தேன். வாள் வந்தது, பாம்பு செத்தது. எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. இவனுக்கு எதற்கு இது என்றுதான் இருந்தது.

அப்புறம் அக்காவுக்குக் கல்யாணமாகி எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் பக்கம் போனாள். ஒருநாள் அவளுக்காகச் செபராங் ஜெயாவில் உள்ள பொது நூலகத்தில் காத்திருந்தபோது அலமாரியில் அதே புத்தகம் இருந்தது. நின்றபடியே 23ஆம் அத்தியாயத்தைத் திறந்தேன்.

மணி அடித்துவிட்டது.

பிப்ரவரி 5, பிற்பகல் 4.05

அதற்குள் இரண்டு பேர் என்னைத் திருத்திவிட்டார்கள். நெவிலின் அப்பாவும் அம்மாவும் சித்திரவதையில் நினைவு தப்பி மருத்துவமனையில் கிடப்பதை நாலாம் புத்தகமே சொல்லிவிடுகிறதே, ஐந்தாவதில் பக்கம் போனால் என்ன நஷ்டம் என்று கேட்கிறார்கள்.

சரிதான். நாலாவதின் 30ஆம் அத்தியாயத்தில் டம்பிள்டோர் ஹாரியிடம் சொல்கிறார், யாரிடமும் சொல்லாதே என்றும் கேட்டுக்கொள்கிறார். அதை நான் படித்திருந்தேன். படித்திருந்தும் மறந்திருந்தேன். இரவெல்லாம் இதைத்தான் யோசித்தேன், ஏன் மறந்தேன் என்று. அங்கே அது தகவல். ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிற பழைய செய்தி. அதில் நெவில் இல்லை. நாலாவதிலேயே அதற்கு முன்னால், வகுப்பில் சிலந்தியை வைத்து அந்தச் சித்திரவதை மந்திரத்தைச் செய்து காட்டும்போது, அவன் மேசையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அது எனக்கு மறக்கவில்லை. காரணம் மறந்துவிட்டது, கை ஞாபகம் இருந்தது.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். துணைப் பாத்திரத்துக்கு ஆசிரியர் ஒதுக்கும் இடம் குறைவு. அந்தக் கொஞ்ச இடத்தில் நாம் கண்ணால் பார்த்த ஒரு காட்சி இருக்கவேண்டும். ஒரு பாத்திரம் உண்மையிலேயே வளர்கிறதா என்று தெரியவேண்டுமானால், எந்தப் பக்கத்தைக் கிழித்தால் அதன் முடிவு பொய்யாகத் தெரியும் என்று தேடிப்பாருங்கள். அப்படி ஒரு பக்கம் இருந்தால் வளர்ச்சி இருக்கிறது. எதைக் கிழித்தாலும் ஒன்றும் ஆகாது என்றால் நீங்கள் சொல்லும் பதவி உயர்வுதான். எனக்கு அந்தச் சோதனையை யாரோ முகம் தெரியாதவர் முன்கூட்டியே நடத்திவைத்துவிட்டார்.

பிப்ரவரி 11, இரவு 9.30

அந்தப் பக்கங்களில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். இன்று காலை அக்கா மகளோடு அதைத்தான் படித்தேன். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அக்கரை போய் அவளைக் கூட்டிக்கொண்டு ஃபெரியில் ஜார்ஜ்டவுன் வருவேன், சாயங்காலம் கொண்டுபோய் விடுவேன். போகும்போதும் வரும்போதும் வாசிப்பு. சீனப் புத்தாண்டுக்கு இரண்டாம் நாள், நிற்க இடமில்லை. அவள் என் பையின்மேல் உட்கார்ந்துகொண்டாள், நூலகப் புத்தகம் அவள் மடியில்.

காட்சி இது. கிறிஸ்துமஸ் சமயம். வேறு யாரையோ பார்க்க வந்த ஹாரியும் நண்பர்களும், நினைவு திரும்பாதவர்கள் இருக்கும் வார்டுக்குள் தற்செயலாக வந்துவிடுகிறார்கள். கடைசி இரண்டு கட்டில்களைச் சுற்றியிருக்கும் திரைக்குப் பின்னாலிருந்து நெவிலும் அவன் பாட்டியும் வருகிறார்கள். பாட்டி தலையில் பாடம் செய்த கழுகு வைத்த தொப்பி. உன் அப்பா அம்மாவைப் பற்றி நண்பர்களிடம் சொல்லவே இல்லையா, வெட்கப்படுகிறாயா என்று எல்லார் முன்னாலும் அதட்டுகிறாள். அப்போது அம்மா மெல்ல நடந்து வருகிறாள். இரவு உடை, நரைத்த முடி, வற்றிப்போன முகம். பேச்சு இல்லை. கையை நீட்டுகிறாள். நெவிலின் கை அதற்கு முன்பே நீண்டிருக்கிறது. அவள் கொடுப்பது காலியான ஒரு சூயிங்கம் தாள். நன்றி அம்மா என்கிறான். அவள் ஏதோ முனகிக்கொண்டே திரும்பிப் போகிறாள். சிரிக்கிறவன் சிரித்துப் பார் என்பதுபோல நெவில் மற்றவர்களைப் பார்க்கிறான். குப்பைக்கூடையில் போடு, இவள் கொடுத்ததை வைத்து உன் அறைச் சுவர் முழுக்க ஒட்டலாம் என்கிறாள் பாட்டி. வெளியே போகும்போது அவன் அதைச் சட்டைப்பைக்குள் நழுவவிடுவதை ஹாரி பார்க்கிறான்.

அவ்வளவுதான். இரண்டு பக்கம்கூட வராது.

நான் அந்த இடத்தில் வழக்கம்போல நிறுத்தினேன். சின்னவள் கேட்டாள், "சின்னம்மா, அவன் கை ஏன் முதலிலேயே நீண்டிருக்கு?"

நான் இதுவரை கவனிக்காத இடம். எத்தனையோ தடவை வாங்கியிருக்கிறான், அதனால் பழகிவிட்டது என்றேன். சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைத்தது. வார்டுக்கு வெளியே அவன் எதை எடுத்தாலும் கீழே போடுகிறவன், கடவுச்சொல்லை மறப்பவன், மறதிக்காகவே பாட்டி அவனுக்கு ஒரு ஞாபகக் கண்ணாடி உருண்டை அனுப்புகிறாள். இந்த வார்டில் மட்டும் அவன் கை தவறுவதே இல்லை.

பிப்ரவரி 12, அதிகாலை 2.30

ஒரு திருத்தம். வேறு இடத்தில், அமைச்சகச் சண்டையில் நெவிலின் மந்திரக்கோலை உடைத்தது பெல்லாட்ரிக்ஸ் என்று எழுதியிருந்தேன். இல்லை, எதிரணியில் இருந்த டாலஹோவின் உதை. அவள் செய்தது வேறு: அவன் பெற்றோர் மேல் ஏவிய அதே மந்திரத்தை அவன்மேலும் ஏவினாள்.

உடைந்தது அவன் அப்பாவின் கோல். ஐந்து வருஷமாக அவன் மந்திரம் சரியாக வராமல் திணறியது இன்னொருவருக்கான கோலை வைத்துக்கொண்டு. ஆறாம் புத்தகத்தில் புதுக்கோல், செர்ரி மரம், உள்ளே யூனிகார்ன் முடி.

இன்னொன்று. அந்தச் சண்டையிலேயே, வில்லனை வெல்லக்கூடியவனைப் பற்றிய தீர்க்கதரிசனம் அடங்கிய கண்ணாடி உருண்டை நெவிலின் கிழிந்த அங்கியிலிருந்து விழுந்து, அவன் கால் இடறித்தான் நொறுங்குகிறது. அந்தத் தீர்க்கதரிசனம் ஹாரிக்குப் பதில் நெவிலைக் குறித்ததாகவும் இருந்திருக்கலாம் என்று இரண்டு அத்தியாயம் கழித்துத்தான் நமக்குத் தெரிகிறது. தன் விதியாக இருந்திருக்கக்கூடியதைத் தன் காலாலேயே உதைத்துவிட்டு, அது என்னவென்று தெரியாமல் ஹாரியிடம் மன்னிப்புக் கேட்கிறான் அந்தப் பையன்.

பிப்ரவரி 18

ஜின்னியைப் பற்றி ஒருவர் கேட்டார். என் சோதனையில் அவள் தேறவில்லை. முதலில் ஹாரியைப் பார்த்தால் வெண்ணெயில் முழங்கையை வைக்கிற சின்னப்பெண். ஐந்தாவதில் திடீரென்று வாய்த்துடுக்கும் விளையாட்டுத் திறமையும். ஆறு வயதிலிருந்தே அண்ணன்களின் துடைப்பங்களைத் திருட்டுத்தனமாக எடுத்துப் பறந்து பழகினாள் என்று ஹெர்மயனி வாயால் ஒரு வரி வருகிறது. அந்தக் கொட்டகைப் பூட்டை அவள் நெம்புவதை ஒரே ஒரு தடவை காட்டியிருந்தால் போதும். அண்ணன்மார் ஆறு பேர் தூங்கும் வீட்டில், விடியுமுன், வெறுங்காலோடு. எனக்கு அவள்மேல் கோபமில்லை, அவளுக்குச் சேரவேண்டியதைக் கொடுக்கவில்லை என்ற வருத்தம்தான்.

பிப்ரவரி 25, மாலை

க்ரீச்சர். இந்த இழையில் இவ்வளவு நாளாக அவன் பெயரை யாரும் எடுக்கவில்லை.

தொடரிலேயே நன்றாக எழுதப்பட்ட துணைப் பாத்திரம் என்று நான் சொல்வது நெவிலை அல்ல, இந்த வீட்டுச் சேவகனைத்தான். ஐந்தாவதில் அவன்மேல் அருவருப்புதான் வரும். முணுமுணுத்துக்கொண்டே திட்டுகிறான், குப்பைகளைப் பதுக்குகிறான், ஹாரியிடம் பொய் சொல்லி ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ் சாவதற்கும் வழி செய்கிறான். ஏழாவதின் 10ஆம் அத்தியாயத்தில் அவன் கதை வெளியே வருகிறது. அவனுடைய சின்ன எஜமான் ரெகுலஸ், குகையில் விஷத்தைத் தானே குடித்துவிட்டு, வில்லன் தன் உயிரில் ஒரு பங்கை ஒளித்துவைத்த லாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் அழித்துவிடு என்று கட்டளையிட்டான். இவனால் அதை அழிக்க முடியவில்லை. எத்தனையோ வருஷமாக அந்தத் தோல்வியோடு அந்த வீட்டில் கிடக்கிறான். ஹாரி அவனுக்கு குகையில் ரெகுலஸ் மாற்றி வைத்த போலி லாக்கெட்டைக் கொடுத்ததும் அவன் அழுது புரள்வதை நிறுத்தவே அவர்களுக்கு நேரமாகிறது.

அப்புறம் வீடு பளபளக்கிறது. செம்புப் பாத்திரம் மின்னுகிறது. வெங்காய சூப் வருகிறது. ஒருநாள் மூவரும் அமைச்சகத்துக்குள் திருட்டுத்தனமாக நுழையக் கிளம்புகிறார்கள். ராத்திரி ஸ்டேக் அண்டு கிட்னி பை தயாராக இருக்கும் என்கிறான். அவர்கள் துரத்தப்பட்டு, வேறு திசையில் காட்டுக்குள் போய் விழுகிறார்கள், அந்த வீட்டுக்கு இனி திரும்பவே முடியாது. சாப்பிடப்படாத அந்த உணவை அவன் சமைத்துக்கொண்டிருப்பதை ஹாரி நினைத்துப் பார்க்கிறான்.

எங்கள் பிளாட்டில் எனக்குத் திடீரென்று ஓவர்டைம் விழுந்தால், அம்மா சோற்றைத் தட்டில் போட்டு இன்னொரு தட்டால் மூடி, மேலே ஒரு கரண்டியை வைத்திருப்பார். காலையில் வந்து அந்தக் கரண்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு க்ரீச்சர்தான் ஞாபகம். அவனுக்குச் செய்தி சொல்லக்கூட வழி இல்லை. எத்தனை நாள் சூடு பண்ணியிருப்பான்?

கடைசிப் போரில் அவன் லாக்கெட் நெஞ்சில் குதிக்க, பள்ளிச் சமையலறைச் சேவகர்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு கத்திகளோடு ஓடி வருகிறான். அவனுக்குக் கிடைப்பது அரைப் பக்கம். போதும்.

மார்ச் 3, இரவு

அப்பா நான் எழுதுவதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, இதெல்லாம் கல்கி எப்போதோ செய்துவிட்டார், சேந்தன் அமுதனை எழுது என்றார். பொன்னியின் செல்வன் மாயாஜாலத் தொடர் இல்லையே என்றேன். 1950இலிருந்து 1954 வரை வாரா வாரம் காத்திருந்து படித்தவர்களுக்கு அதுவும் தொடர்தான் என்றார். அப்பா காத்திருந்து படித்தவர் இல்லை, பைண்டு செய்த ஐந்து பாகத்தைத் தாத்தாவிடமிருந்து பெற்றவர். ஆனால் அவரோடு இதில் வாதாட முடியாது.

(படிக்காதவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிவிடுங்கள், முடிவைச் சொல்லப் போகிறேன்.)

சேந்தன் அமுதன் முதல் பாகத்தில் தஞ்சாவூரில் வந்தியத்தேவனுக்கு இடம் கொடுக்கும் பூத்தொண்டு செய்யும் இளைஞன். ஊமைத் தாய், நந்தவனம், தேவாரம். ஐந்தாம் பாகத்தில் சோழ அரியணை அவனுக்குப் போகிறது, உத்தம சோழனாக. இதைவிடப் பெரிய பதவி உயர்வு எந்தக் கதையிலும் இல்லை. உத்தம சோழனுக்குப் பிறகு 985இல்தான் ராஜராஜன் பட்டத்துக்கு வருகிறான் என்பது வரலாறு. அருள்மொழியை அத்தனை பாகம் கொண்டாடிய கல்கி, நடுவில் இன்னொருவன் ஆண்டதற்கு ஒரு காரணம் கண்டாக வேண்டும். அதற்கு இந்தப் பூக்காரன்.

ஆகவே கேட்டவர் சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது, இது வளர்ச்சி இல்லை, பிறப்பு ரகசியம் என்றேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அவன் மாறவே கூடாதும்மா. அரண்மனையில எல்லாரும் நாற்காலிக்கு அடிச்சுக்கிறாங்க. இவன் ஒருத்தன்தான் பூக்குடலையை விடமாட்டேங்கிறான். மாறியிருந்தா அவனும் இன்னொரு பழுவேட்டரையர்."

இரண்டு நாளாக இதை மறுக்கப் பார்த்தேன், முடியவில்லை. சுற்றியிருப்பவர்கள் எல்லாம் மாறும்போது மாறாமல் நிற்பதும் தொடர் முழுக்கக் கட்டவேண்டிய ஒன்றுதான். அவன் பூக்கட்டும் பக்கங்களைக் கிழித்துவிட்டால் அந்த முடிசூட்டு வெறும் திருப்பம். அப்படியானால் என் சோதனையில் அவன் தேறுகிறான். மாறுகிறவள் பூங்குழலி. கோடிக்கரையில் படகு தள்ளியவள், இளவரசனை நெஞ்சில் வைத்திருந்தவள், கடைசியில் இந்தப் பூக்காரனின் கையைப் பிடிக்கிறாள். அவளுக்குத் தனி இழையே வேண்டும்.

மார்ச் 9

பெர்சி. ரானின் அண்ணன். அமைச்சகம் பக்கம் சாய்ந்து, குடும்பத்தை உதறிவிட்டுப் போனவன். அம்மா பின்னி அனுப்பிய கிறிஸ்துமஸ் ஸ்வெட்டரைத் திருப்பி அனுப்புகிறான். ஏழாவதில் போர் தொடங்கும் முன் சுரங்கவழியில் வந்து விழுந்து, முட்டாளாக இருந்துவிட்டேன் என்று சொல்லி, ஒரே பக்கத்தில் மன்னிக்கப்படுகிறான். அவசரம் என்றுதான் நினைத்திருந்தேன். மூன்று புத்தகக் கோபம் ஒரு பக்கத்தில் தீருமா?

இன்று வேறு மாதிரி தோன்றுகிறது. எங்கள் வீட்டில் மாமா ஒருவர் அப்பாவோடு ஏழு வருஷம் பேசவில்லை, நிலத் தகராறு. இந்த வருஷம் தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் ரதம் பார்த்துவிட்டு வரும் வழியில், நேராக எங்கள் பிளாட்டு வாசலில் நின்றார். கையில் ஆரஞ்சுப் பை. நாங்கள் எல்லாரும் எழுந்துவிட்டோம். அப்பா பார்த்துவிட்டு, "கார் எங்கே போட்டீங்க?" என்றார். தெருமுனையில் போட்டதாக மாமா சொன்னார். அங்கே சம்மன் வைப்பார்கள் என்றார் அப்பா. இருவரும் காரை மாற்றிப் போடக் கீழே போனார்கள். ஏழு வருஷம் அதோடு முடிந்தது. மன்னிப்பு என்ற சொல்லே வரவில்லை.

ஒரு பக்கம் போதும் போலிருக்கிறது. பெர்சிக்கும் முதலில் கை கொடுப்பது அவன் தம்பி ஃபிரெட். அடுத்த அத்தியாயத்தில் பெர்சி சண்டைக்கு நடுவே ஒரு ஜோக் அடிக்கிறான், நீ ஜோக்கடித்துப் பல காலமாகிவிட்டதே என்று ஃபிரெட் மகிழ்ந்து சிரிக்கும்போதே சுவர் வெடிக்கிறது. ஃபிரெட்டின் முகத்தில் கடைசியாக இருந்த சிரிப்பு பெர்சி கொடுத்தது. ஸ்வெட்டரைத் திருப்பி அனுப்பியவன் திரும்பி வந்து கொடுத்தது அது ஒன்றுதான்.

மார்ச் 16, அதிகாலை 2.20

முதலில் கேட்டவர் பதில் போட்டிருக்கிறார். கடைசி இரண்டு புத்தகம் மட்டும் படித்தாராம், மற்றதெல்லாம் படமாகப் பார்த்தாராம்.

படங்களில் அந்த மருத்துவமனையே கிடையாது! 2007இல் வந்த ஐந்தாம் படத்தில் நெவில் பழைய புகைப்படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டே தன் பெற்றோருக்கு நடந்ததை ஹாரியிடம் தானே சொல்கிறான். புத்தகத்தில் அவன் சொல்வதே இல்லை. நாலு வருஷம் ஒரே அறையில் படுத்த நண்பர்களிடம் வாயைத் திறக்காதவன், அந்த வார்டில் கையும் களவுமாகப் பிடிபடுகிறான். ஹாரிக்கு முன்பே தெரியும், அவனும் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு பேரின் மௌனம் அது. படத்தில் அது உரையாடலாகிவிட்டது.

ஆக உங்களிடம் இருந்ததும் 16 பக்கம் கிழிந்த பிரதிதான். உங்கள் கேள்வியில் தப்பு இல்லை. கையில் இருந்ததை வைத்து நீங்கள் சரியாகத்தான் கேட்டீர்கள், நானும் அப்படித்தான் கேட்டேன்.

மார்ச் 17

சின்னதாக ஒன்று. லார்ட் ஆஃப் தி ரிங்ஸில், தீய மோதிரத்தை அழிக்கப் போகும் ஃப்ரோடோவின் துணைவன் சாமைச் சேர்க்கச் சொன்னவருக்கு: சேர்க்கிறேன், ஆனால் ஃப்ரோடோவை முதுகில் தூக்கியதற்காக இல்லை. அதற்கு முந்தைய நிமிடத்துக்காக. மோதிரத்துக்காகப் பின்தொடர்ந்த கொல்லம் என்ற ஜந்துவை அத்தனை தூரமும் வெறுத்தவன், மலைச்சரிவில் அவன்மேல் வாளை ஓங்கிக்கொண்டு வெட்ட முடியாமல் நிற்கிறானே, அதற்கு. நடுவில் கொஞ்ச நேரம் மோதிரத்தைத் தானே சுமந்ததால் அவனுக்கு அந்தப் பாரம் தெரியும். அவன் அன்று வெட்டியிருந்தால் மோதிரம் அழிந்தே இருக்காது.

எழுதிவிட்டுப் பார்க்கிறேன், வரிசை தப்பு. தூக்கிக்கொண்டு ஏறியது முதலில், வாளை ஓங்கியது பிறகு. மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 31, பிற்பகல்

ஏழாவதைத் திரும்பப் படித்து முடித்தேன். என் சொந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறது, யாரும் பிடிக்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் புத்தகத்தில் 28ஆம் அத்தியாயத்தின் கடைசி வரை நெவில் நேரில் வருவதே இல்லை. 15ஆவதில் பேச்சோடு பேச்சாக, வாளைத் திருட முயன்று மாட்டிக்கொண்டவர்களில் அவனும் ஒருவன் என்று தெரிகிறது. பிறகு மதுக்கடையில் ஓர் ஓவியத்துக்குப் பின்னாலிருக்கும் சுரங்கத்திலிருந்து வெளியே வருகிறான். முடி வளர்ந்து, முகம் வீங்கி, வெட்டுக்காயங்களோடு. அந்த வருஷம் பள்ளியில் நடந்ததை அவனே சொல்கிறான். அதுவும் தகவல்தானே? ஜின்னிக்கு ஆகாது என்றது இவனுக்கு மட்டும் எப்படி ஆகும்?

ஒரு நாள் முழுக்க இதில் தடுமாறினேன். சாட்சி அவன் முகத்திலேயே இருக்கிறது என்று ஒரு பதில். அது பாதிதான். மீதி: அவனை அடித்தது எதற்கு? மற்ற பிள்ளைகள்மேல் சித்திரவதை மந்திரத்தை ஏவிப் பழகு என்றார்கள், மாட்டேன் என்றான். எந்த மந்திரம்? அவன் அம்மாவைக் காலித் தாள் நீட்ட வைத்த அதே மந்திரம். ஆசிரியர் அங்கே விளக்கம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமில்லை, அந்த வார்டுக்குள் நாம் போய் வந்திருக்கிறோம். நாம் பார்க்காத மாதங்களில் அவன் என்ன செய்திருப்பான் என்று நமக்கே தெரிகிறது. ஜின்னிக்கு அப்படி ஒரு வார்டு கொடுக்கப்படவில்லை.

வாளைப் பற்றி இனி நான் வாதாடப் போவதில்லை. 34ஆம் அத்தியாயத்தில், சாவை நோக்கி நடக்கும் ஹாரி வழியில் நெவிலைப் பார்க்கிறான். நெவில் இறந்தவர்களை உள்ளே தூக்கிக்கொண்டு வந்து கிடத்திக்கொண்டிருக்கிறான். அடுத்த உடலுக்காகக் குனிந்திருக்கிறான். பாம்பைக் கொல்லவேண்டும் என்கிறான் ஹாரி. ஏன், எதற்கு என்று நெவில் துருவவில்லை. சரி என்கிறான். அந்த வேலையை ரானிடமோ ஹெர்மயனியிடமோ போய்ச் சொல்லாமல் இவனிடம் விட்டுப் போகிறானே ஹாரி, எனக்கு அதுதான் முடிசூட்டு. கேட்காமலே நீளும் கை அது.

ஏப்ரல் 14

இன்று சித்திரைப் புத்தாண்டு. காலையில் ராணி தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, அக்கா குடும்பத்தோடு வீட்டுக்கு வந்தாள். சின்னவள் என் அலமாரியிலிருந்து பழைய ஐந்தாம் புத்தகத்தை எடுத்து, கிழிந்த இடத்தைத் திறந்து பார்த்தாள். சௌராஸ்தாவில் வாங்கியதிலிருந்து அந்த இடத்தில் ஒரு பள்ளம் மாதிரி இருக்கும், விரல் வைத்தால் தெரியும்.

பையிலிருந்து நாலு தாள் எடுத்தாள். பள்ளிப் பயிற்றுப் புத்தகத்தின் கோடு போட்ட தாள், இரண்டு பக்கமும் பென்சிலில் எழுதியிருந்தாள். நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் அந்த வார்டுக் காட்சியை மட்டும் எழுதி எடுத்தாளாம். தமிழில். ஆங்கிலத்தில் பார்த்து எழுதினால் சீக்கிரம் முடிந்திருக்குமே என்றேன். "பாட்டிக்கும் படிச்சுக் காட்டலாம்னு" என்றாள்.

நான் சோபாவில் உட்கார்ந்து படித்தேன். கழுகுத் தொப்பிக்குப் பக்கத்தில் ஓரத்தில் ஒரு கழுகு வரைந்திருந்தாள். சூயிங்கம் தாள் என்பதை மூன்று தடவை அழித்து அழித்து, கடைசியில் மிட்டாய்த் தாள் என்று எழுதியிருந்தாள். நெவில் அம்மாவிடம் பேசும் ஒரே வரி வருகிறதே, ஆங்கிலத்தில் நன்றி அம்மா என்று இருக்கிற இடம். அதை அவள் "சரிம்மா" என்று எழுதியிருந்தாள். ஏன் மாற்றினாய் என்று கேட்டேன். நாம யாரும் அம்மாகிட்ட நன்றி சொல்றதில்லையே சின்னம்மா என்றாள்.

அம்மா சமையலறையிலிருந்து வந்து, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். முதலிலிருந்து படி என்றார்.